பள்ளிக்கு முந்திய ஆறு ஆண்டுகள்: பினாங்குத் தமிழ்க் குழந்தைகளின் பேச்சு வளர்ச்சி குறித்த ஒரு வரலாற்று நோக்கு

மலாயாவில் தமிழ்க் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் 1816ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது வழக்கம். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் ஹட்சிங்ஸ் பாதிரியார் நிறுவிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் அமைந்த தமிழ் வகுப்பே இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தோற்றுவாய் எனக் கொள்ளப்படுகிறது. அதன் இருநூறாம் ஆண்டு நிறைவை 2016இல் நாடெங்கும் கொண்டாடினோம். இன்று பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றின் கட்டடம், மாணவர் எண்ணிக்கை, பாடநூல், தேர்வு முடிவு ஆகியவை பற்றி நாம் நிரம்பப் பேசியிருக்கிறோம்.

ஆயினும், தமிழ்ப்பள்ளி தன் மாணவனை முதலாம் ஆண்டில், அவனது ஏழாம் வயதில்தான் சந்திக்கிறது. அதற்கு முன் கழிந்த ஆறு ஆண்டுகளில் அவன் நாவில் ஒரு மொழியோ பல மொழிகளோ குடியேறி முடிந்திருக்கும். அந்த ஆறு ஆண்டுகளின் வரலாறு பெரும்பாலும் எழுதப்படாத வரலாறு. தொட்டிலும் அடுக்களையும் ஆவணம் எழுதி வைப்பதில்லை. எனினும் ஒரு சமூகத்தின் மொழி நிலைப்பதும் நீங்குவதும் அங்கேதான் முடிவாகின்றன. இதனைப் பினாங்கின் வரலாற்றைக் கொண்டே நிறுவுதல் இவ்வுரையின் நோக்கம்.

இதற்கு ஜெலுத்தோங் தக்கதொரு நோக்கிடம். ஒரு மரத்தின் பெயரைத் தாங்கிய இப்பகுதி, ஜோர்ஜ் டவுன் நகர மையத்திற்குத் தெற்கே, பினாங்கு ஆற்றுக்கு அப்பால் அமைந்துள்ளது. இங்குள்ள சந்தைக்குத் தாயின் இடுப்பில் அமர்ந்து செல்லும் ஒரு தமிழ்க் குழந்தை, மீன் கடையில் ஹொக்கியனையும், காய்கறிக் கடையில் வடபுல மலாயையும், தாயின் வாயில் தமிழையும், கைப்பேசியில் ஆங்கிலத்தையும் கேட்கிறது. இத்தனை ஒலிகளுக்கு நடுவே அக்குழந்தை எந்த மொழியைத் தன் மொழியாக்கிக்கொள்கிறது, ஏன் என்பதே நம் வினா.

மழலையைக் கூர்ந்து நோக்கிய மரபு

குழந்தையின் பேச்சைக் கவனித்தல் தமிழர்க்குப் புதிதன்று. புறநானூற்றின் 92ஆம் பாடலில் ஔவையார் அதியமானிடம் தம் பாட்டைக் குழந்தையின் மழலையோடு ஒப்பிடுகிறார். இசைக்கும் காலத்திற்கும் பொருளுக்கும் அடங்காததாயினும் தந்தையின் நெஞ்சில் அருளைச் சுரக்கச் செய்வது மழலை என்பது அவர் கருத்து. பொருள் விளங்குமுன்பே உறவை உண்டாக்குவது பேச்சு என்ற நுட்பமான உண்மை இதில் அடங்கியுள்ளது.

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகை இந்நோக்கை ஓர் ஒழுங்காகவே வளர்த்தது. மூன்றாம் திங்கள் முதல் இருபத்தொன்றாம் திங்கள் வரை ஒற்றைப்படை மாதங்களில் பத்துப் பருவங்களை வகுத்துப் பாடும் மரபு இதில் உண்டு. ஐந்தாம் திங்களுக்குரியது செங்கீரை. ‘கீர்’ என்பதற்குச் சொல் எனப் பொருள் கொண்டு, குழந்தை பொருளற்ற ஒலிகளை எழுப்பும் பருவம் இது என்று விளக்குவாரும் உளர். ஏழாம் திங்களுக்குரிய தால், நாவைக் குறிக்கும் சொல். தாய் நாவசைத்துத் தாலாட்டும் பருவம் அது. ஒன்பதாம் திங்களில் கைகொட்டும் சப்பாணி வருகிறது. பதினைந்தாம் திங்களில் நிலவைச் சுட்டி அழைக்கும் அம்புலி வருகிறது.

இவை கவிஞர் வகுத்த இலக்கிய மரபுகளே. மருத்துவ அட்டவணைகள் அல்ல. ஆயினும் இவற்றின் வரிசை கருதத்தக்கது. ஒலியெழுப்புதல், தாயின் குரலைக் கேட்டல், சொல்லுக்கேற்பக் கைகொட்டுதல், தொலைவிலுள்ள ஒன்றைச் சுட்டிப் பெயர் சொல்லல் என அது செல்கிறது. குழந்தைமொழி ஆய்வாளர் இன்று காட்டும் வரிசையும் இதனின்று பெரிதும் வேறுபடுவதன்று. தாயும் சேயும் ஒரே பொருளை நோக்க, தாய் அதன் பெயரைச் சொல்லும் அந்தக் கணமே சொல்வளத்தின் ஊற்று என்பர் அவ்வாய்வாளர். நிலாவைக் காட்டிச் சோறூட்டிய நம் பாட்டியர் அதனை நாள்தோறும் செய்து வந்தனர்.

நாவில் தமிழ் அமையும் முறை

குழந்தையின் பேச்சு எவ்வாறு படிப்படியாக அமைகிறது என்பதைச் சுருங்கக் காண்போம். இரண்டு முதல் நான்கு மாதங்களில் உயிரொலிகளைக் குழந்தை நீட்டி ஒலிக்கிறது. ஆறு முதல் பத்து மாதங்களுக்குள் ‘பபபா’, ‘மமமா’ என அசைகளை அடுக்குகிறது. ஓராண்டு நிறைவையொட்டி முதற்சொல் பிறக்கிறது. இரண்டு வயதளவில் இரு சொற்களை இணைக்கிறது. இவ்வரிசை எல்லா மொழிகளுக்கும் பொது. கால அளவில் குழந்தைக்குக் குழந்தை வேறுபாடு உண்டு.

தமிழுக்குச் சிறப்பாக உரிய செய்திகளும் உள. பகரமும் மகரமும் இதழ் இயைந்து பிறப்பன என்று தொல்காப்பியப் பிறப்பியல் கூறும். கண்ணால் காணத்தக்க இவ்வொலிகளே குழந்தைக்கு எளியவை. அம்மா, அப்பா என்னும் சொற்கள் குழந்தையின் நாவுக்கு ஏற்ற வடிவில் அமைந்திருப்பது தற்செயலன்று. உலக மொழிகள் பலவற்றில் தாய் தந்தையரைக் குறிக்கும் சொற்கள் இவ்வாறே இருப்பதன் காரணத்தை ரோமன் யாகப்சன் 1960இல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். தாத்தா, அக்கா, காக்கா, மம்மு எனத் தமிழ்க் குழந்தைக்குரிய சொற்கள் பலவும் இரட்டித்த மெய்யைக் கொண்டவை. நுனிநா மேலெழுந்து அண்ணத்தை வருடப் பிறக்கும் ழகரமும் ரகரமுமோ காலந்தாழ்த்தே கைவருவன. ‘பழம்’ என்பதைப் ‘பயம்’ என்றும் ‘பலம்’ என்றும் மூன்று வயதுக் குழந்தை சொல்லுமாயின், அது குறையன்று. வளர்ச்சியின் ஒரு படியே.

இலக்கணத்திலும் தமிழ் குழந்தைக்கு உதவுகிறது. வா, தா, போ என்னும் ஏவல் வடிவமே வினையின் பகுதி. ஓரசையில் ஒரு முழுத் தொடரின் பொருளைக் குழந்தையால் உணர்த்த இயல்கிறது. நம் மொழி ஒட்டுநிலை மொழி. காலமும் இடமும் பாலும் வினையின் இறுதியில் விகுதிகளாக ஒட்டி நிற்கின்றன. அயலார்க்குக் கடினமாகத் தோன்றும் இவ்விகுதிகளைத் தமிழ்க் குழந்தைகள் மிக இளமையிலேயே கைக்கொள்வதை, பரிமளா இராகவேந்திராவும் லாரன்ஸ் லெனார்டும் 1989இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது.

இவ்வளர்ச்சிக்கு ஒரு கால எல்லை உண்டு என்பதே நம் வரலாற்றுக்கு இன்றியமையாத செய்தி. 1984இல் ஜேனட் வெர்கரும் ரிச்சர்ட் டீஸும் ஆங்கிலம் கேட்டு வளரும் கனடியக் குழந்தைகளை ஆராய்ந்தனர். இந்தி மொழியிலுள்ள பல்லொலித் தகரத்தையும் நாமடி டகரத்தையும் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் வேறுபடுத்தி உணர்ந்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதங்களில் அவ்வாற்றல் பெரிதும் மங்கிவிட்டது. கேளாத வேறுபாட்டைச் செவி கைவிடுகிறது என்பது இதன் பொருள். தகரத்தையும் டகரத்தையும், லகரத்தையும் ளகரத்தையும் பொருள் வேறுபாட்டுக்குப் பயன்படுத்தும் தமிழர் இதனை ஆழ்ந்து எண்ணவேண்டும். பின்னர்க் கற்க இயலாது என்பதன்று. தொட்டிலில் எளிதாய்க் கிடைத்திருக்கக்கூடியதை வகுப்பறையில் அரிதின் முயன்று பெறவேண்டியதாகிறது.

பினாங்கின் முதற்பாடம்: ஜாவி பெரானாக்கான் குடும்பங்கள்

இக்கால எல்லை ஒரு சமூகத்தில் எவ்வாறு செயற்பட்டது என்பதற்குப் பினாங்கிலேயே சான்று உண்டு. 1786இல் ஃபிரான்சிஸ் லைட் இத்தீவில் குடியேற்றத்தைத் தொடங்கிய காலம் முதலே, சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் முஸ்லிம் வணிகரும் மாலுமிகளும் இங்கு வந்தனர். சூலியர் எனப்பட்ட அவர்களின் தலைவர் காதிர் மைதீன் காலத்தில், 1801இல் நிறுவப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றும் அவ்வரலாற்றைச் சொல்லி நிற்கிறது. வந்தவருள் மிகப் பெரும்பாலோர் ஆடவர். அவருள் பலர் இங்குள்ள மலாய்ப் பெண்களை மணந்தனர். அவர்தம் வழித்தோன்றல்கள் ஜாவி பெரானாக்கான் எனப்பட்டனர்.

தந்தையின் கடையில் தமிழ் இருந்தது. கணக்கேட்டிலும் கப்பல் துறையிலும் தமிழ் இருந்தது. ஆனால் குழந்தையைத் தாலாட்டியவளின் நாவில் மலாய் இருந்தது. ஓரிரு தலைமுறைகளில் வீட்டுமொழி மலாயாயிற்று. தமிழைத் தடுத்த சட்டம் எதுவும் அன்று இல்லை. தமிழுக்குச் செல்வாக்குக் குறைவும் இல்லை; அது வணிக மொழியாகவே விளங்கியது.

மலாக்காவில் 1796இல் பிறந்த முன்ஷி அப்துல்லாவின் வாழ்க்கை இதனை இன்னும் தெளிவாக்கும். அரபுக் கலப்பும் தமிழ்க் கலப்பும் கொண்ட குடும்பத்தில் தோன்றிய அவர், நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்படுபவர். 1849இல் வெளிவந்த ஹிக்காயாத் அப்துல்லா என்னும் தம் வரலாற்று நூலில், வணிகத்துக்கும் கணக்குக்கும் பயன்பட்டமையால் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகளைத் தமிழ் கற்கச் செய்யும் வழக்கம் மலாக்காவில் இருந்தது என்றும், தாமும் அவ்வாறே கற்றதாகவும் குறிக்கிறார். அவர் தமிழைப் பயின்றார், எழுதியதோ மலாயில். 1876இல் சிங்கப்பூரில் தொடங்கப்பெற்ற முதல் மலாய் மொழிச் செய்தித்தாளின் பெயரும் ஜாவி பெரானாக்கான் என்பதே. தமிழ்த் தந்தையரின் வழிவந்தோர் மற்றொரு மொழியின் இதழியலுக்கு வித்திட்டது பெருமைக்குரியது. பயிற்றுமொழியாய் நிற்கும் ஒரு மொழி, தாலாட்டு மொழியாய் நில்லாதவிடத்து அடுத்த தலைமுறையின் சொந்த மொழியாவதில்லை என்பதும் அதனுடன் தெளிவாகிறது.

மலாயில் இன்று வழங்கும் கெடாய், கப்பல், கட்டில், மெம்பெலாய் முதலிய சொற்கள் கடை, கப்பல், கட்டில், மாப்பிள்ளை என்னும் தமிழ்ச் சொற்களின் வழிவந்தவை. சொற்கள் நிலைத்தன, அக்குடும்பங்களில் மொழி நிலைக்கவில்லை.

ஆயாக் கொட்டகையும் லயமும்

இதற்கு நேர்மாறான நிலையைத் தோட்டப்புறம் காட்டுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கும், பின்னர் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கும் தமிழ்த் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை முடிவுக்கு வந்தது. கங்காணி முறையில் குடும்பம் குடும்பமாக மக்கள் வந்தபோது பெண்களின் தொகை பெருகிற்று. 1923இன் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்தவேண்டும் என விதித்தது. அப்பள்ளிகளுள் பல ஒற்றையறையில், ஓராசிரியரோடு இயங்கின. கல்வித்தரம் குறைவு, வறுமை மிகுதி.

ஆயினும் அங்கே தமிழ் அழியவில்லை. தாய் விடியலில் பால் வெட்டச் செல்லும்போது குழந்தையை விட்டுச் சென்ற இடம் ஆயாக் கொட்டகை. அங்கிருந்த மூதாட்டி தமிழில் அதட்டினார், தமிழில் கொஞ்சினார், தமிழில் கதை சொன்னார். மாலையில் லயத்து வாசலில் பல வயதுப் பிள்ளைகள் கூடி விளையாடினர். நான்கு வயதுக் குழந்தை ஏழு வயதுக் குழந்தையிடமிருந்து மொழியைப் பெற்றது. தெலுங்கையும் மலையாளத்தையும் தாய்மொழியாகக் கொண்ட தொழிலாளரின் பிள்ளைகளும் இவ்வாறே பல தோட்டங்களில் தமிழ் பேசுவோராயினர்.

அவ்வறுமையை நாம் போற்றவில்லை. அங்கு மழலையர் இறப்பும் நோயும் மிகுந்திருந்தன; பிள்ளைகளின் எதிர்காலம் குறுகியிருந்தது. இங்கு நாம் குறிப்பது மொழிபற்றிய ஓர் உண்மையை மட்டுமே: கல்வி நலிந்திருந்தும், குழந்தையைச் சூழ்ந்த குரல்கள் தமிழாயிருந்தமையால் தமிழ் நிலைத்தது.

1972க்குப் பின்

பினாங்கின் வாழ்க்கைமுறை 1972இல் பெருந்திருப்பம் கண்டது. அவ்வாண்டு பாயான் லெப்பாஸ் சுதந்திர வணிக வட்டாரம் தொடங்கப்பெற்றது. மின்னணுப் பாகங்களைச் செய்யும் பன்னாட்டு ஆலைகள் வந்தன. அவ்வாலைகளின் உற்பத்திப் பிரிவுகளில் இளம்பெண்களே மிகுதியும் வேலை பெற்றனர். ஜெலுத்தோங் போன்ற பகுதிகளிலிருந்து தமிழ்ப் பெண்களும் ஆலைப் பேருந்துகளில் முறைவேலைக்குச் சென்றனர். குடும்பத்துக்கு வருவாயும் பெண்ணுக்குத் தற்சார்பும் கிடைத்தன. இது வரவேற்கத்தக்க மாற்றமே.

இம்மாற்றத்தோடு குழந்தையின் மொழிச்சூழலும் மாறிற்று. கூட்டுக் குடும்பம் அடுக்குமாடி வீடுகளாகப் பிரிந்தது. பாட்டி தொலைவில் தங்கினார். பகற்பொழுதில் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் அண்டை வீட்டுச் சீன மாதாகவோ மலாய் மாதாகவோ இருந்தார். பின்னர் ஆங்கிலம் பேசும் குழந்தை காப்பகம் வந்தது. வேலை வாய்ப்புக்கு ஆங்கிலம் இன்றியமையாதது என்ற எண்ணம், ‘பிள்ளைக்கு இப்போதே ஆங்கிலத்தில் பேசிப் பழக்குவோம்’ என்னும் முடிவாக வீடுகளில் நுழைந்தது. ஆயாக் கொட்டகை மறைந்தது. அதன் பணியை ஏற்கத் தமிழில் இயங்கும் வேறோர் இடம் போதிய அளவில் தோன்றவில்லை.

இந்நிலை எங்கே இட்டுச்செல்லும் என்பதை அண்டை நாட்டின் கணக்கெடுப்பு உணர்த்தும். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. பள்ளியில் தாய்மொழிப் பாடமாக அது கற்பிக்கப்படுகிறது. எனினும் ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டும் உள்ள குடியிருப்போருள் வீட்டில் தமிழையே மிகுதியும் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. அரசின் ஏற்பும் பாடநூலும் இருந்தும் வீட்டில் தமிழ் சுருங்குவதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

இரண்டு அச்சங்கள்

வீட்டில் தமிழைக் கைவிடும் பெற்றோர் பலரை இயக்குவன இரண்டு அச்சங்கள். ஆசிரியர்கள் இவற்றுக்கு விடையளிக்க அறிந்திருத்தல் வேண்டும்.

பல மொழிகளைக் கேட்டால் குழந்தை குழம்பும், பேச்சு தாமதமாகும் என்பது முதல் அச்சம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அறிஞர் சிலரும் இவ்வாறே கருதினர். 1962இல் மாண்ட்ரியால் நகரின் பத்து வயதுச் சிறுவரை ஆராய்ந்த எலிசபெத் பீலும் வாலஸ் லாம்பர்ட்டும், இருமொழிச் சிறுவர் ஒருமொழிச் சிறுவரினும் தாழ்ந்தவரல்லர், பல தேர்வுகளில் மேம்பட்டவர் என்று கண்டனர். இருமொழிக் குழந்தைக்கு ஒவ்வொரு மொழியிலும் சொற்கள் சற்றுக் குறைவாகத் தோன்றலாம். இரண்டையும் சேர்த்து எண்ணினால் குறைவு நீங்கும். ‘அம்மா, சூசூ வேணும்’ என்று பாலைக் கேட்கும் குழந்தை குழம்பவில்லை. மலாய்ச் சொல்லைத் தமிழ்த் தொடரின் அமைப்புக்குள் பொருத்தத் தெரிந்திருக்கிறது.

ஆனால், பதினெட்டு மாதமாகியும் ஒரு சொல்லும் பேசாத, இரண்டு வயதாகியும் இரு சொற்களை இணைக்காத குழந்தையை, ‘அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்’ என்று விட்டுவிடுதல் கூடாது. முதலில் செவிப்புலனைச் சோதித்தல் வேண்டும். பின்னர்ப் பேச்சுப் பயிற்சியாளரை நாடுதல் வேண்டும். இந்தியாவில் இத்துறைக்கென மைசூரில் தேசிய நிறுவனம் 1965இல் அமைந்தது. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் பேச்சு அறிவியல் பட்டப்படிப்பை 1995இல் தொடங்கியது. இந்நாட்டில் இத்துறை இளமையானது. தமிழறிந்த பயிற்சியாளர் இன்னும் பலர் வேண்டும். இங்குள்ள மாணவர் சிலரேனும் இதனைத் தம் தொழிலாகத் தேர்ந்துகொள்ள வேண்டுகிறோம்.

நம் வீட்டுத் தமிழ் கொச்சையானது, அதனைப் பேசுவதால் பயனில்லை என்பது இரண்டாம் அச்சம். இஃது இரட்டை வழக்குடைய நம் மொழிக்கே உரிய இடர். எழுத்துத் தமிழை யாரும் தொட்டிலில் கற்பதில்லை. ‘பசிக்குது’, ‘எனக்கு வேணும்’, ‘இங்க வா’ என்னும் பேச்சுவழக்கே முதல்மொழி. அவ்வழக்கில் வேரூன்றிய குழந்தை எழுத்து வழக்கைப் பள்ளியில் எளிதிற் பெறும். பேச்சுத் தமிழைத் தாழ்வெனக் கருதிய பெற்றோர் அதற்கு மாற்றாகச் செந்தமிழைப் பேசுவதில்லை. வேறொரு மொழிக்கு மாறிவிடுகின்றனர். இதனையுணர்ந்தே சிங்கப்பூரின் 2005ஆம் ஆண்டுத் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, தரமான பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்கப் பரிந்துரைத்தது.

திரையைப் பற்றியும் ஒரு சொல். தமிழ்ப் பாடல்களைக் கைப்பேசியில் இட்டுவிட்டால் போதும் என்போர் உளர். 2003இல் பெட்ரீஷியா கூல் குழுவினர், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு மாண்டரின் மொழியைக் கேட்கச் செய்தனர். நேரில் ஒருவர் பேசி விளையாடியபோது குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைக் கற்றன. அதே பேச்சைத் திரையில் கண்டவை கற்கவில்லை. குழந்தைக்கு வேண்டியது மறுமொழி தரும் முகம்.

நாம் செய்யத்தக்கன

ஜாவி பெரானாக்கான் வரலாறும், தோட்டப்புற வரலாறும், 1972க்குப் பிந்திய நகர வரலாறும் ஒரே செய்தியைக் கூறுகின்றன. முதல் சில ஆண்டுகளில் நாள்தோறும் குழந்தையோடு பேசுவோர் எம்மொழியினரோ, அம்மொழியே அதன் சொந்த மொழியாகிறது. பள்ளி அதனை வளர்க்கும். விதைக்கும் பணி முழுவதையும் பள்ளியின் தோளில் ஏற்றுதல் இயலாது.

ஆதலின் ஆசிரியர்க்கு மூன்று வேண்டுகோள். பாலர் பள்ளியிலும் முதலாம் ஆண்டிலும் குழந்தை தன் பேச்சுவழக்கில் விடை சொல்லட்டும்; திருத்துவதற்கு முன் பேசவிடுங்கள். தமிழ் குறைவாகக் கேட்டு வந்த பிள்ளையை மந்தமானவன் என எண்ணாதீர். அவனுக்கு வேண்டியது கேட்கும் வாய்ப்பு. பெற்றோரைச் சந்திக்கும்போது தேர்வு மதிப்பெண்ணோடு, வீட்டில் யார் எம்மொழியில் குழந்தையோடு பேசுகிறார் என்பதையும் கேளுங்கள்.

மாணவர்க்கு ஒரு பணி உண்டு. தத்தம் குடும்பத்தில் மூன்று தலைமுறையினர் குழந்தைகளோடு பேசிய மொழியை ஓர் ஏட்டில் எழுதுங்கள். பாட்டி பாடிய தாலாட்டு, குழந்தைக்கென வழங்கிய சொற்கள், குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் யார், அவர் மொழி எது என்பனவற்றைக் கேட்டுத் தொகுங்கள். ஜெலுத்தோங்கின் ஐம்பது வீடுகளில் இவ்வாறு தொகுத்தால், எழுதப்படாத அந்த ஆறு ஆண்டுகளின் வரலாற்றுக்கு முதல் ஆவணம் கிடைக்கும். அவ்வேட்டை எழுதி முடித்தபின், வீட்டிலுள்ள தம்பியிடமோ தங்கையிடமோ அக்காள் குழந்தையிடமோ நாளும் சிறிது நேரம் தமிழில் பேசுங்கள்.